வேலூர் பக்கம் ஹைவேல லாரிங்களுக்கு நடுவுல வண்டி ஓட்டுறது எப்படி: முழு வழிகாட்டி

சென்னை துறைமுகத்துக்கும் பெங்களூருக்கும் நடுவுல போற சரக்கு எல்லாம் நம்ம ஊரை உரசிக்கினு தான் போகுது. கண்டெய்னர், கார் ஏத்திக்கினு போற நீள வண்டி, கிருஷ்ணகிரி பக்கத்து கிரானைட் கல்லு கட்டின டிரெய்லர், ராணிப்பேட்டை சிப்காட்டுக்கு வர டேங்கர், ஆம்பூர் வாணியம்பாடி தோல் லோடு, இதுங்களோட நடுவுல ஜல்லி டிப்பர், கரும்பு டிராக்டர்னு எல்லாமே என்ஹெச் 48ல தான். இது போதாதுன்னு சித்தூர்ல இருந்து இறங்குற என்ஹெச் 40 ராணிப்பேட்டைல வந்து சேருது, திருவண்ணாமலை போற என்ஹெச் 38 வேலூர்ல இருந்து கிளம்புது, குடியாத்தம் பேரணாம்பட்டு வழியா கர்நாடகா போற ரோடு வேற தனி. அதனால வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூணு மாவட்டத்துலயும் (நமக்கு இன்னமும் அது எல்லாம் வடாற்காடு தான்) கார் பைக் வெச்சிருக்கிற யாருக்கும் லாரி இல்லாத ரோடுன்னு ஒண்ணு கிடையாது.

எங்க மாமா ஒருத்தர் டாரஸ் லாரி ஓட்டுறாரு. அவரு திரும்பத் திரும்ப சொல்றது ஒண்ணு தான்: "இன்னா நைனா, பின்னாடி வரியா, தள்ளி வா. முன்னாடி போறியா, சட்டுனு போ. பக்கத்துல மட்டும் நின்னுக்கினு வராத." கீழ நான் எழுதியிருக்கிறது எல்லாம் இந்த ஒரு பேச்சை விரிச்சது தான். லாரிக்கு பக்கத்துல, ஒட்டின மாதிரி பின்னாடி, மூக்குக்கு நேரா முன்னாடி, இந்த இடங்கள்ல நாம இருக்கிற நேரத்தை எவ்ளோ குறைக்கிறோமோ அவ்ளோ நல்லது.

ஸ்டெப் 1: டிரைவர் சீட்ல உக்காந்து பாருங்க

முடிஞ்சா நிஜமாவே ஒரு தடவை ஏறி உக்காருங்க, தெரிஞ்ச டிரைவர் யாராச்சும் இருந்தா வண்டி நிக்கும்போது ஏறி பாக்க விடுவாங்க. உக்காந்ததும் முதல்ல புரியறது, உயரமா இருக்கிறதால எல்லாம் தெரியும்னு நாம நினைக்கிறது பொய். தூரத்துல இருக்கிறது நல்லா தெரியும், கிட்ட இருக்கிறது தான் தெரியாது. பம்பருக்கு முன்னாடி சுமார் 6 மீட்டர், அதாவது ஒரு காரை முழுசா மறைக்கிற அளவுக்கு இடம், கண்ணாடிக்கு கீழ போயிடுது. பின்னாடி சுமார் 9 மீட்டர் சுத்தமா தெரியாது, ஏன்னா நடு மிரர் வெச்சு பாக்க முடியாது, பின்னாடி முழுக்க பாடியும் லோடும் தான். வலது பக்கம் டிரைவர் கதவுக்கு கொஞ்சம் பின்னால ஒரு துண்டு மறையுது. ஆனா மோசமானது இடது பக்கம். டிரைவர் வலது ஓரத்துல உக்காந்திருக்காரு, இடது கதவு அவருக்கு ரெண்டு மீட்டருக்கு மேல தள்ளி இருக்கு, அந்த கதவுக்கு கீழ ஒரு பைக் ஒட்டிக்கினு நின்னா அது அவரு உலகத்துலயே இல்ல. கதவுல இருந்து பின்னாடி வரைக்கும், சில இடத்துல பக்கத்து லேனையும் தாண்டி இந்த மறைவு விரியும்.

முன்னாடி எல்லாம் கிளீனர்னு ஒரு பையன் இடது பக்கம் உக்காந்து "வரலாம் வரலாம், நில்லு நில்லு"ன்னு கத்திக்கினு வருவான், கதவை தட்டுவான். இப்போ நிறைய வண்டி டிரைவர் மட்டும் தனியா ஓட்டிக்கினு போறாங்க, சம்பளம் கட்டுப்படி ஆகலன்னு ஓனருங்க கிளீனரை எடுத்துட்டாங்க. அதனால இடது பக்கத்துக்கு இருந்த கண்ணே போச்சுன்னு வெச்சுக்கோங்க. புது மாடல் வண்டிங்கள்ல கீழ பாக்க தனி மிரர் வருது, ஆனா நம்ம ரோட்ல பழைய வண்டி தான் இன்னும் நிறைய.

ஞாபகம் வெச்சுக்க வேண்டியது சுலபம். லாரியோட சைடு மிரர்ல டிரைவர் முகம் உங்களுக்கு தெரியுதா? தெரிஞ்சா அவருக்கும் உங்களை பாக்க வாய்ப்பு இருக்கு. தெரியலன்னா நீங்க அங்க இல்ல, அவ்ளோ தான். மிரர்ல தெரிஞ்சாலும் அவரு அந்த நேரத்துல அதை பாக்கணுமே, அது வேற கதை.

ஸ்டெப் 2: எந்த வண்டி என்ன பண்ணும்னு தெரிஞ்சுக்கோங்க

எல்லா லாரியும் ஒண்ணு இல்ல. 10 வீல் வண்டி லோடோட சட்டப்படி 28.5 டன் வரைக்கும் போகலாம், 12 வீல் 36 டன், பெரிய டிரெய்லர் 55 டன் வரைக்கும். இது 2018ல ஏத்தின கணக்கு. உங்க கார் ஒரு டன் சொச்சம். 80 கிலோமீட்டர் வேகத்துல நல்ல கார், காஞ்ச ரோடு, டிரைவர் முழிச்சிருக்காருன்னா சுமார் 60 மீட்டர்ல நிக்கும். லோடு லாரிக்கு அதே வேகத்துல 90, 100 மீட்டர் வேணும், டயர் வழுக்கையா இருந்தாலோ மழையா இருந்தாலோ இன்னும் மேல. அதுலயும் ஏர் பிரேக்னா மிதிச்ச உடனே பிடிக்காது, காத்து குழாய் வழியா போய் பின் சக்கரத்தை எட்டணும், அரை செகண்ட் போனாலும் 80ல அது 11 மீட்டர்.

கண்டெய்னர்: உயரம், பாரம் மேல இருக்கும், வளைவுல சாயும். சில வண்டில பெட்டியை கீழ பூட்டுற லாக்கை சரியா போடாம வருவாங்க. பாலத்துல இருந்து இறங்குற வளைவு, சர்வீஸ் ரோடு திரும்புற இடம், இங்கெல்லாம் கண்டெய்னருக்கு வெளிப்பக்கமா போகவே போகாதீங்க.

டேங்கர்: பாதி ரொம்பின டேங்கர் தான் முழுசா ரொம்பினதை விட டிரைவருக்கு தலைவலி. உள்ள திரவம் அலையடிக்கும், பிரேக் போட்டு நின்னதுக்கு அப்புறமும் ஒரு தள்ளு தள்ளும். டேங்கர் முன்னாடி குறுக்க பூந்து பிரேக் போடுறதை விட முட்டாள்தனம் வேற இல்ல.

டிப்பர்: ட்ரிப் கணக்குல காசு, அதனால அவசரம் எப்பவும் அவசரம். ஜல்லி, எம் சாண்ட் மேல தார்ப்பாய் போட்டிருக்கணும், நிறைய பேர் போடுறதில்ல. பின்னாடி போனா கண்ணாடி தெறிக்கும், பைக்குன்னா கண்ணு. டிப்பரை தாண்டி போக முடியலன்னா 100 மீட்டர் விட்டுடுங்க, ரோஷப்பட ஒண்ணும் இல்ல.

கம்பி ஏத்துன வண்டி: பாடிக்கு வெளிய நீட்டிக்கினு கம்பி ஏத்துறது சட்டப்படி கூடாது. ஆனா சாயங்காலம் ஊருக்குள்ள, நுனில ஒரு சிவப்பு துணி கட்டிக்கினு போறதை நீங்களும் பாத்திருப்பீங்க. அந்த துணி ராத்திரில கறுப்பு.

கரும்பு டிராக்டர்: அரவை சீசன்ல அம்முண்டி சர்க்கரை ஆலைக்கும், அந்தப்பக்கம் கேத்தாண்டப்பட்டி ஆலைக்கும் போற டிராக்டருங்க. லாரி இல்லன்னாலும் இதை இங்க தான் சொல்லணும். பின்னாடி லைட்டு பாதிக்கு இல்ல, இருந்தாலும் கரும்பு தோகை மூடியிருக்கும், வேகம் இருபது முப்பது. ஹைவேல 80ல வர காருக்கு அது நிக்கிற வண்டி மாதிரி தான்.

ஸ்டெப் 3: பின்னாடி போகும்போது இடைவெளி

மூணு செகண்ட் கணக்கு வெச்சுக்கோங்க. முன்னாடி லாரி ஒரு கிலோமீட்டர் கல்லையோ போர்டையோ தாண்டினதும் "ஆயிரத்து ஒண்ணு, ஆயிரத்து ரெண்டு, ஆயிரத்து மூணு"ன்னு மனசுக்குள்ள சொல்லுங்க, சொல்லி முடிக்கிறதுக்குள்ள நீங்க அந்த கல்லு கிட்ட வந்துட்டா ரொம்ப ஒட்டி போறீங்கன்னு அர்த்தம். 80ல மூணு செகண்ட்னா சுமார் 66 மீட்டர். மழை, பனி, ராத்திரின்னா ஆறு வரைக்கும் எண்ணுங்க. "இவ்ளோ இடம் விட்டா எவனாச்சும் பூந்துடுவான்"னு எல்லாரும் சொல்வாங்க, பூரட்டும், மறுபடி பின்வாங்குங்க. வேலூர்ல இருந்து ஆம்பூர் போறதுக்குள்ள அதனால உங்களுக்கு ரெண்டு நிமிஷம் கூட லேட் ஆகாது.

இந்த இடைவெளி பிரேக்குக்கு மட்டும் இல்ல, பாக்கறதுக்கும் தான். ஒட்டி போனா லாரியோட பின்பக்கம் தவிர வேற ஒண்ணுமே தெரியாது. முன்னாடி பள்ளமா, மாடா, நின்னுட்டு இருக்கிற வண்டியா எதுவும் தெரியாது. லாரி பெரிய சக்கரத்துல பள்ளத்தை ஏறி போயிடும், இல்ல கீழ கிடக்கிற கல்லை ரெண்டு சக்கரத்துக்கு நடுவுல விட்டுட்டு போயிடும், அது நேரா உங்க கார் அடில வந்து மோதும். தள்ளி போனா லாரியையும் தாண்டி ரோடு தெரியும்.

வெயில் காலத்துல இன்னொரு காரணமும் இருக்கு. நம்ம ஊர் சித்திரை வைகாசி வெயில்ல தார் ரோடு கொதிக்குது, லாரில பாதி ரீட்ரேட் பண்ண (தேஞ்சதுக்கு மேல புது ரப்பர் ஒட்டின) டயரு. சூடேறி, பாரத்தோட, காத்து கம்மியா ஓடினா மேல் ரப்பர் பாளம் பாளமா பிஞ்சு பறக்கும். மதிய நேரத்துல ஹைவே ஓரத்துல கறுப்பா சுருண்டு கிடக்கிறது எல்லாம் அது தான். டயர் வெடிச்சா பக்கத்துல போற பைக்காரனை அந்த காத்தே தள்ளிடும். பதினோரு மணில இருந்து நாலு மணி வரைக்கும் லாரி சக்கரத்துக்கு பக்கத்துல ஓட்டாதீங்க.

நிக்கும்போதும் இடைவெளி உண்டு. பள்ளிகொண்டா டோல், வாணியம்பாடி டோல், வாலாஜா டோல், எங்க க்யூல நின்னாலும் முன்னாடி லாரியோட பின் டயர் தரையைத் தொடுற இடம் உங்க சீட்ல இருந்து தெரியணும். அவ்ளோ தள்ளி நின்னா லாரி கொஞ்சம் பின்னாடி உருண்டாலும் தப்பிச்சுக்கலாம், முன்னாடி பிரேக்டவுன் ஆனாலும் ஒடிச்சு வெளிய வரலாம். டோல்ல லாரிங்க கடைசி நேரத்துல லேன் மாத்துவாங்க, ஃபாஸ்டேக்ல காசு இல்லன்னு ரிவர்ஸும் எடுப்பாங்க. ரெண்டு லாரிக்கு நடுவுல இருக்கிற சந்துல காரை விடுற வேலையே வேணாம்.

ஸ்டெப் 4: ஓவர்டேக்

விபத்து இங்க தான் நடக்குது, அதனால இதை கொஞ்சம் விலாவாரியா பாப்போம்.

முதல்ல கணக்கு. லாரி 60ல போகுது, நீங்க 80ல. வித்தியாசம் 20, அது செகண்டுக்கு அஞ்சரை மீட்டர் தான். டிரெய்லர் 18 மீட்டர் நீளம், பின்னாடி 20 மீட்டர் தள்ளி ஆரம்பிச்சு முன்னாடி 20 மீட்டர் விட்டு உள்ள வரணும், உங்க கார் நீளம் ஒரு நாலு மீட்டர். மொத்தம் 62 மீட்டர், 11 செகண்ட் ஆகும். அந்த 11 செகண்ட்ல உங்க கார் கிட்டத்தட்ட 250 மீட்டர் ஓடியிருக்கும். என்ஹெச் 48ல நடுவுல மீடியன் இருக்கு, எதிர்ல வண்டி வராதுன்னு ஒரு தைரியம் (ராங் சைடுல வர டிராக்டரையும் பைக்கையும் கணக்குல எடுக்காம). ஆனா கண்ணமங்கலம், போளூர் வழியா திருவண்ணாமலை போற ரோட்ல எதிர்ல வரவனும் 80ல வந்தா அவனும் 250 மீட்டர் வந்திருப்பான். அப்போ உங்களுக்கு அரை கிலோமீட்டர் ரோடு காலியா, வளைவு இல்லாம, மேடு இல்லாம தெரியணும். தெரியலன்னா ஓவர்டேக் கிடையாது. பௌர்ணமி அன்னிக்கு அந்த ரோட்ல கிரிவலத்துக்கு போற வண்டி நெரிசல்ல, ஓரத்துல நடந்து போற பக்தருங்களும் இருக்கும்போது, லாரியை தாண்டணும்னு நினைக்கவே நினைக்காதீங்க, அவன் பின்னாடியே போங்க.

இப்போ எப்படி பண்றதுன்னு வரிசையா சொல்றேன். முதல்ல பின்னாடி தள்ளியே இருந்து லேசா வலது பக்கம் நகர்ந்து முன்னாடி ரோட்டை பாருங்க. உங்க மிரர்ல பின்னாடி எந்த ஆம்னி பஸ்ஸாச்சும் பறந்து வருதான்னு பாருங்க, அது வந்தா அதை விட்டுட்டு அப்புறம். இண்டிகேட்டர் போடுங்க. பகல்ல சின்ன ஹாரன், ராத்திரில ஹாரனை விட டிம் டிப் (ஹெட்லைட்டை மாத்தி மாத்தி அடிக்கிறது) நல்லா வேலை செய்யும், லைட்டு அவரு மிரர்ல அடிக்கும். லாரி இடது பக்கம் கொஞ்சம் ஒதுங்குதா, இல்ல நேரா நிதானமா போகுதான்னு ஒரு நொடி பாருங்க. லாரிக்கு முன்னாடி இன்னொரு மெதுவான வண்டி இருந்தா இந்த லாரியும் அதை தாண்ட வலது பக்கம் வரப்போகுதுன்னு அர்த்தம், இதை நிறைய பேர் பாக்கறதே இல்ல. எல்லாம் சரின்னா வேகம் எடுத்துக்கினு, பக்கவாட்டுல முடிஞ்ச வரைக்கும் இடம் விட்டு, நிக்காம தாண்டிடுங்க. பாதில போய் மனசு மாறி லாரிக்கு சமமா ஓட்டிக்கினு போறது, போன் பாத்துக்கினு போறது, பாட்டு மாத்துறது, எதுவும் வேணாம்.

தாண்டினதும் உடனே உள்ள வந்துடாதீங்க. உங்க கார் நடு மிரர்ல லாரியோட ரெண்டு ஹெட்லைட்டும் முழுசா தெரிஞ்சதுக்கு அப்புறம் இண்டிகேட்டர் போட்டு வாங்க. வந்ததும் வேகத்தை குறைக்காதீங்க. லாரியை தாண்டி குறுக்க வந்து "ஐயோ ஆம்பூர் பிரியாணி கடை வந்துடுச்சே"ன்னு லெஃப்ட்ல பிரேக் போடுற வார இறுதி காருங்களை எல்லா டிரைவரும் வாய் நிறைய திட்டுறாங்க, நியாயமான திட்டு. சர்வீஸ் ரோடு இறங்கணும்னா லாரிக்கு பின்னாடியே இருந்து இறங்குங்க, பிரியாணி எங்கயும் ஓடிடாது.

இண்டிகேட்டர் பாஷை பத்தி ஒரு எச்சரிக்கை. ரெண்டு லேன் ரோட்ல சில டிரைவருங்க இடது இண்டிகேட்டர் போட்டா "நீ போலாம்"னு அர்த்தம், வலது போட்டா "எதிர்ல வண்டி வருது, வராத"ன்னு அர்த்தம். வடக்க இருந்து வர வண்டில வலது இண்டிகேட்டரே "தாண்டிக்கோ"ன்னு போடுறவங்களும் இருக்காங்க. நிஜமாவே வலது பக்கம் திரும்புறதுக்கும் அதே லைட்டு தான். அதனால அந்த சிக்னலை ஒரு தகவலா எடுத்துக்கோங்க, அனுமதியா எடுத்துக்காதீங்க. ரோடு காலியான்னு உங்க கண்ணு தான் சொல்லணும். எதிர்ல வர லாரி லைட்டை அடிச்சு அடிச்சு காட்டுனா நம்ம ஊர்ல அதுக்கு "நீ வா"ன்னு அர்த்தம் இல்ல, "நான் வந்துக்கினு இருக்கேன், ஒதுங்கு"ன்னு அர்த்தம்.

அடுத்து எல்லாரும் கேக்குறது: லாரி வலது லேனை பிடிச்சிக்கினு விடவே மாட்டேங்குறானே, இடது பக்கமா தாண்டலாமா? வாலாஜால இருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் ஒரு பக்கத்துக்கு மூணு லேன், லாரி இடது பக்கம் தான் போகணும், வலது ஓரம் தாண்டுறதுக்கு. ஆனா அவங்க ஏன் வலது பக்கம் வராங்கன்னும் புரிஞ்சுக்கணும். இடது லேன்ல நின்னுட்டு இருக்கிற லாரி, ராங் சைடு பைக், சவாரி ஏத்த நிக்கிற ஷேர் ஆட்டோ, சர்வீஸ் ரோட்ல இருந்து பாக்காம ஏறுற வண்டி, சாயங்காலம் ஷூ கம்பெனி விட்டு வர வேனுங்க. 30 டன்னை மறுபடி மறுபடி நிறுத்தி கியர் மாத்தி எடுக்க யாருக்கும் பிடிக்காது. அது சரின்னு சொல்லல, காரணம் அது தான். நான் என்ன பண்ணுவேன்னா, டிம் டிப் அடிச்சுட்டு கொஞ்ச நேரம் காத்திருப்பேன், பாதி பேர் விட்டுடுவாங்க. விடலன்னா, முன்னாடி ரொம்ப தூரத்துக்கு நடு லேன் காலியா இருந்து, பக்கத்துல ஜங்ஷனோ பஸ் ஸ்டாப்போ இல்லன்னா, நடு லேன்ல வேகமா போயிடுவேன். அவரு இடது கண்ணாடி பக்கம் நாம இருக்கிறது அவருக்கு தெரியாதுங்கிறதை நினைச்சுக்கினே போகணும். இடது ஓர லேன்லயோ மண் ஓரத்துலயோ பூந்து போறது, அது தற்கொலை தான், வேற பேரே இல்ல.

ஸ்டெப் 5: திரும்புற லாரி

டிரெய்லர் திரும்பும்போது முன் சக்கரம் போன பாதைல பின் சக்கரம் போகாது, உள்பக்கமா குறுக்கி வெட்டும். அதனால இடது பக்கம் திரும்பணும்னா டிரைவர் முதல்ல வலது பக்கம் அகலமா எடுப்பாரு. அப்போ இடது பக்கம் ஒரு பெரிய இடம் திறக்கும், பைக்காரனுக்கு அது கூப்பிடுற மாதிரி இருக்கும். அதுக்குள்ள போனா பின் சக்கரம் வந்து மூடிடும். வேலூர் கிரீன் சர்க்கிள் மாதிரி நெரிசல் இடத்துல லாரிக்கு இடது பக்கம் முன்னாடி போய் நிக்கிற பழக்கத்தை இன்னிக்கே விடுங்க. பின்னாடி நில்லுங்க, இல்ல டிரைவர் கண்ணுல படுற மாதிரி நல்லா முன்னாடி போய் நில்லுங்க.

ராத்திரில மீடியன் கேப்ல யு டர்ன் எடுக்கிற டிரெய்லர் இன்னும் ஆபத்து. அது மூணு லேனையும் அடைச்சுக்கினு குறுக்க நிக்கும், ஹெட்லைட் அந்தப்பக்கம் இருக்கும், உங்க லைட்டு அதோட பாடிக்கு கீழ பூந்து போயிடும். பக்கவாட்டுல மஞ்சள் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் வரிசையா தெரிஞ்சா குறுக்க நிக்கிற வண்டின்னு அர்த்தம். பின்பக்கம் சிவப்பு, முன்பக்கம் வெள்ளை, பக்கம் மஞ்சள், இதை குழந்தைங்களுக்கும் சொல்லி வைங்க, காருக்குள்ள இன்னொரு கண்ணு இருந்தா நல்லது தான்.

ஸ்டெப் 6: ராத்திரியும் நிக்கிற லாரியும்

நம்ம ஹைவேல குடும்பத்தோட போற காருங்க அடிபடுறது நிறைய தடவை இப்படி தான்: விடியக்காலை, ஓரமா நிக்கிற லாரி, பின்னாடி போய் சொருகுன கார். லாரிக்கு பின்னாடி கீழ ஒரு கம்பி தடுப்பு போடணும்னு ரூல் இருக்கு, கார் உள்ள பூராம இருக்கத்தான் அது. பல வண்டில அது வளைஞ்சு தொங்கும், இல்ல கயிறு கட்டியிருக்கும். அது இல்லன்னா கார் பானெட் கீழ போய், லாரி பாடி நேரா கண்ணாடி உயரத்துக்கு வரும். ஏர்பேக் அங்க ஒண்ணும் பண்ண முடியாது.

இதுக்கு ஓட்டுறவங்க பண்ண வேண்டியது, லைட்டு எட்டுற தூரத்துக்குள்ள நிக்கிற வேகம். லோ பீம்ல 50 மீட்டர் சொச்சம் தெரியும், 80ல நிக்க 60 மீட்டர் வேணும்னு மேல பாத்தோம். அப்போ லோ பீம்ல 80 போனாலே பாக்கறதுக்கு முன்னாடி மோதுற வேகத்துல தான் போறோம். எதிர்ல யாரும் இல்லன்னா ஹை பீம், வந்தா டிம், அப்போ வேகமும் குறையணும். இடது ஓர லேன்ல ராத்திரி ஓட்டவே ஓட்டாதீங்க, நடு லேன் தான் சரி. முன்னாடி தெரியற சிவப்பு லைட்டு ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி சட்டுனு பெருசாகிக்கினு வந்தா அது நிக்குது, இல்ல ஊர்ந்துக்கினு போகுது.

வாலாஜா தாண்டி சென்னை பக்கம் ஆறு வழி ஆக்குற வேலை வருஷக்கணக்கா இழுத்துக்கினு இருக்கு, திடீர் திடீர்னு டைவர்ஷன், மண்ணு, கான்கிரீட் பிளாக். அங்க லாரி பின்னாடியே, இடைவெளி விட்டு, அவன் லைட்டை பாத்துக்கினு போறது நல்லது. மார்கழி தை விடியல்ல பாலாறு ஓரமா மூடுபனி இறங்கும்போதும் அப்படி தான். பனில ஹை பீம் போடாதீங்க, வெள்ளை சுவரு மாதிரி திருப்பி அடிக்கும். ஓடிக்கினு இருக்கும்போது ஹசார்டு லைட்டும் வேணாம், நிக்கிறதா ஓடுறதான்னு பின்னாடி வரவனுக்கு குழப்பம்.

ரெண்டு மணில இருந்து அஞ்சு மணி வரைக்கும் டிரைவர் தூங்குற நேரம், உங்களுக்கும் தான். முன்னாடி லாரி கோட்டுல ஏறி ஏறி இறங்குது, வேகம் காரணம் இல்லாம கூடி குறையுதுன்னா தூக்கம். ஹாரன் ஒரு தடவை நீளமா அடிச்சுட்டு நல்லா பின்வாங்குங்க, அந்த மாதிரி வண்டியை தாண்ட பாக்காதீங்க.

ஸ்டெப் 7: மலைப்பாதை

பேரணாம்பட்டுல இருந்து வி.கோட்டா ஏறுற பத்தலப்பல்லி பாதைல போறவங்களுக்கு. வளைவுல ஏறுற லாரிக்கு முழு ரோடும் வேணும். வளைவுக்கு முன்னாடியே நிறுத்தி, அது திரும்பி முடிக்கிற வரைக்கும் காத்திருங்க. குறுகலான இடத்துல ஏறுற வண்டிக்கு தான் முதல் வழி, இறங்குறவங்க ஒதுங்கணும். ஏறுற லாரிக்கு பின்னாடி ரெண்டு மூணு கார் அளவு இடம் விடுங்க. கியர் மாத்தும்போது உருளும், நின்னு போச்சுன்னா டயருக்கு கட்டை வெக்க யாராச்சும் இறங்குறதுக்குள்ள உங்க மேல வந்துடும். இறங்கும்போது லாரில இருந்து பிரேக் கருகுற வாசனை வந்தா அதுக்கு முன்னாடி போய் மாட்டிக்காதீங்க, எங்கயாச்சும் ஒதுங்கி நின்னு அதை போக விடுங்க.

பைக்காரங்களுக்கு தனியா

உயரமான கண்டெய்னர் தாண்டும்போது முதல்ல காத்து வெளிய தள்ளும், அப்புறம் உள்ள இழுக்கும். ஹேண்டில்பாரை கெட்டியா பிடிச்சுக்கினு, ஆனா தோளை இறுக்காம, ஒரு ஆள் படுக்கிற அளவுக்காச்சும் தள்ளி இருங்க. பாலாத்து பாலத்து மேல பக்கக் காத்தும் சேர்ந்துக்கும். சர்வீஸ் ரோடு இருக்கிற இடத்துல அதுலயே போங்க, சுத்து வழின்னாலும் பரவால்ல. ராங் சைடுல அந்த அரை கிலோமீட்டர் போற வேலை மட்டும் வேணாம், எதிர்ல வர லாரி டிரைவர் அங்க வண்டி வரும்னு எதிர்பாக்கவே மாட்டாரு. மழைல லாரி தாண்டுறதுக்கு முன்னாடியே ஹெல்மெட் கண்ணாடியை இறக்குங்க, கார்னா வைப்பரை வேகமா வைங்க, அந்த சேத்துத் தண்ணி மூணு நாலு செகண்ட் கண்ணை கட்டிடும்.

ஏதாச்சும் ஆயிட்டா

உங்க வண்டி நின்னு போச்சுன்னா முடிஞ்ச வரைக்கும் இடது ஓரத்துக்கு தள்ளுங்க, ஹசார்டு லைட் போடுங்க, முக்கோண போர்டை குறைஞ்சது 50 மீட்டர் பின்னாடி வைங்க, ராத்திரின்னா இன்னும் தள்ளி. அப்புறம் எல்லாரையும் இறக்கி கம்பி தடுப்புக்கு அந்தப்பக்கம் நிக்க வைங்க. வண்டிக்குள்ளயும், வண்டிக்கு பின்னாடியும் யாரும் இருக்கக் கூடாது. டயர் மாத்துறேன்னு ரோட்டு பக்கம் குத்துக்கால் போட்டு உக்காராதீங்க.

டேங்கர் கவிழ்ந்திருந்தா வேடிக்கை பாக்க போகாதீங்க, கேன் எடுத்துக்கினு போறவங்களை பாத்தா தடுங்க. டேங்கர்ல ஆரஞ்சு கலர்ல ஒரு பலகை இருக்கும், அதுல நாலு இலக்க நம்பர்: 1203னா பெட்ரோல், 1075னா எல்பிஜி. தூரத்துல இருந்தே அந்த நம்பரை படிச்சு போன்ல சொன்னா தீயணைப்பு வரவங்களுக்கு பெரிய உதவி. காத்து எந்தப் பக்கம் இருந்து அடிக்குதோ அந்தப் பக்கமா விலகிப் போங்க, வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க.

அடிபட்டவங்களை தூக்கினா போலீஸ் கேஸ்னு அலைய விடுவாங்கன்னு இன்னமும் பயப்படுறாங்க. 2019ல மோட்டார் வாகன சட்டத்துல 134ஏன்னு ஒரு பிரிவு சேத்தாங்க, நல்ல மனசோட உதவி பண்றவங்க மேல கேஸ் போட முடியாது, பேர் சொல்லணும்னு கட்டாயமும் இல்ல. தமிழ்நாட்டு எல்லைக்குள்ள விபத்துன்னா 2021 டிசம்பர்ல வந்த "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டத்துல முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு அரசு கட்டுது, பதிவு பண்ண தனியார் ஆஸ்பத்திரிலயும் உண்டு, அடிபட்டவரு ஆந்திராவா கர்நாடகாவான்னு பாக்க மாட்டாங்க. ஆம்புலன்ஸ் 108, ஹைவே உதவிக்கு 1033. கூப்பிடும்போது "ஆம்பூர் கிட்ட"ன்னு சொல்லாதீங்க, ஓரத்துல இருக்கிற கிலோமீட்டர் கல்லு நம்பரையும், சென்னை போற பக்கமா பெங்களூரு போற பக்கமான்னும் சொல்லுங்க, இல்லன்னா வண்டி எதிர்ப்பக்கம் வந்து அடுத்த யு டர்ன் வரைக்கும் சுத்தணும்.